கடல் இருக்கிற ஊர் என்றால் காற்று சுத்தமா? சென்னைக்குக் குடிவருபவருக்கு ஒரு பதில்

உங்கள் கேள்வியின் சாரம் இது: கோவையிலிருந்து சென்னைக்கு மாற்றல் ஆகியிருக்கிறது. ஏழு வயதுப் பையனுக்கு வீசிங் உண்டு. பெரம்பூர், அண்ணா நகர், வேளச்சேரி என மூன்று இடங்களில் வாடகை வீடு பார்த்து வைத்திருக்கிறீர்கள். "கடல் பக்கத்தில் இருக்கிற ஊர், காற்று சுத்தமாகத்தான் இருக்கும் என்கிறார்கள். உண்மையா? எந்த மாதம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?"

பாதி உண்மை. கடல் சென்னைக்குப் பெரிய உதவிதான், ஆனால் அது பகல் ஷிப்ட் மட்டும் பார்க்கிற ஆள். முற்பகலிலோ மதியத்திலோ வரும், இரவில் போய்விடும். சில நாட்களில் லீவும் போடும். அதனால் சென்னையில் "எந்த மாதம்" என்பதோடு "எத்தனை மணிக்கு", "காற்று எந்தப் பக்கத்திலிருந்து" என்ற இரண்டையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

கோவைக்காரர் என்பதால் உங்களுக்கு இதை விளக்குவது சுலபம். அங்கே ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்று நாள் முழுக்க ஒரே பக்கத்திலிருந்து அடிக்கும். சென்னையில் அப்படி இல்லை. வருடத்தின் பெரும்பாலான நாட்களில் காற்று ஒரே நாளில் இரண்டு முறை திசை மாறும். வெயில் ஏறியதும் நிலம் கடலைவிட வேகமாகச் சூடாகிறது. நிலத்தின் மேல் இருக்கும் காற்று மேலே எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. இரவில் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடுவதால் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு மெதுவாகத் திரும்புகிறது.

முதலில் ஊரின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். சென்னை தட்டையான ஊர், பெரும்பகுதி கடல் மட்டத்திலிருந்து சில மீட்டர் உயரம்தான். மேடு என்று சொல்ல வேண்டுமானால் தெற்கே பரங்கிமலை. டெல்லியைப் போலப் புகையைத் தேக்கி வைக்கும் நிலமோ, சுற்றி மலையோ கிடையாது. 2018-ல் மாவட்ட எல்லையை மாநகராட்சி எல்லையோடு பொருத்தியபோது பரப்பு 178 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆனது. வடக்கே எண்ணூர் கழிமுகத்தை ஒட்டித் தொடங்கி, தெற்கே சோழிங்கநல்லூரையும் தாண்டிப் போகிறது. கொசஸ்தலை, கூவம், அடையாறு மூன்றும் மேற்கிலிருந்து கிழக்காக வந்து கடலில் சேர்கின்றன. பக்கிங்காம் கால்வாய் கரையை ஒட்டி வடக்கு தெற்காக ஓடுகிறது. தெற்கே பள்ளிக்கரணை சதுப்பு நிலம், உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்தது.

புகை எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் ஊரின் வடகோடி கனமாக இருக்கிறது. மணலியில் 1960-களின் கடைசியிலிருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பும் அதைச் சார்ந்த ரசாயன ஆலைகளும் இருக்கின்றன. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் பக்கம் நிலக்கரி அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், இவற்றுக்கு இடையே ஓயாத கன்டெய்னர் லாரிகள். குப்பைக் கிடங்குகள் இரண்டு: வடக்கே கொடுங்கையூர், தெற்கே பள்ளிக்கரணையை ஒட்டிய பெருங்குடி. மற்றபடி வாகனப் புகையும் ரோட்டுப் புழுதியும் ஊர் முழுக்கப் பொது. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை நடக்கும் சாலைகளில் புழுதியைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை, வீடு பார்க்க வந்தபோதே சட்டைக் காலரில் பார்த்திருப்பீர்கள்.

அடுத்து பருவம். வருடத்துக்குச் சராசரியாக 140 சென்டிமீட்டர் மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. காற்றைப் பற்றிப் பேசும்போது ஆங்கில மாதங்களைவிட நம் பழைய காற்றுப் பெயர்கள் எனக்குச் சௌகரியம். வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை. சென்னையின் ஆண்டை இந்த நான்கையும் வைத்தே சொல்லிவிடலாம்.

பிப்ரவரி பின்பாதியிலிருந்து ஏப்ரல் வரை தெற்கும் தென்கிழக்கும். கடல் காற்று முற்பகலிலேயே வந்துவிடும், எதிர்த்து நிற்கும் காற்று பெரிதாக இல்லை. காற்றுத் தரத்துக்கு இது நல்ல காலம். மே, ஜூன் வந்ததும் மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக அடிக்கத் தொடங்கும். அது கடல் காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்தும். பதினொரு மணிக்கு வர வேண்டியது ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ வரும், சில நாள் வராமலே போகும். கத்திரி வெயிலில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது அந்த நாட்களில்தான். 2003 மே கடைசியில் 45 டிகிரி பதிவானதும் இப்படிப்பட்ட மேற்குக் காற்றுக் காலத்தில்தான். ஆனால் ஒரு விஷயம்: வெயில் கொளுத்துகிறது என்பதற்காகக் காற்று மோசம் என்று ஆகிவிடாது. சூடான தரையிலிருந்து காற்று ஆயிரம் மீட்டருக்கும் மேலே எழும்பிக் கலப்பதால் புகை நீர்த்துப்போகிறது. மேற்குக் காற்று வடசென்னைப் புகையைக் கடலுக்குத் தள்ளிவிடுகிறது. பையன் வியர்வையில் நனைவான், மூச்சுக்கு அவ்வளவு கஷ்டம் இருக்காது. மதிய வெயிலில் ஓசோன் உருவாகும் என்பது மட்டும் விதிவிலக்கு, அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை பகலில் மேற்குக் காற்று, மாலையில் கடல் காற்று. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் மேகம் கட்டி, சாயங்காலமோ ராத்திரியோ இடியோடு மழை கொட்டும். மழை விட்ட மறுநாள் காலையில் பரங்கிமலை தெளிவாகத் தெரிந்தால் காற்று கழுவப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த மழை புழுதியை, அதாவது பெரிய துகள்களை நன்றாகவே இறக்கிவிடும். மிக நுண்ணிய புகைத் துகள்களை மழைத்துளி அவ்வளவு எளிதாகப் பிடிப்பதில்லை.

அக்டோபர் கடைசியிலிருந்து வாடையும் கொண்டலும். மழை நாட்களில் காற்று நன்றாகவே இருக்கும். தீபாவளி நடுவில் வரும். அன்று மழை பெய்தால் நிம்மதி, வானம் வெளுத்து காற்றும் நின்றுவிட்டால் புகை அப்படியே தங்கிவிடும். தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பட்டாசுக்கு நேரம் வகுத்து 2018-லிருந்து அறிவிக்கிறார்கள். காற்றின் கணக்குப்படி இரண்டுமே சரியான நேரம் இல்லை. காலை ஆறு மணிக்குக் காற்று மேலே எழும்பிக் கலப்பது இன்னும் தொடங்கியிருக்காது, இரவு ஏழு மணிக்குக் கடல் காற்று ஓயத் தொடங்கியிருக்கும். மதியம் மூன்று மணிக்கு வெடித்தால் புகை எங்கோ போய்விடும், ஆனால் மதியம் யார் மத்தாப்பு கொளுத்துவார்கள்!

நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய காலம் டிசம்பர் பின்பாதியிலிருந்து பிப்ரவரி முதல் வாரம் வரை. மழை நின்றுவிடுகிறது. மழை ரோட்டோரம் கொண்டுவந்து போட்ட சேறு காய்ந்து புழுதியாகிறது. இரவில் வானம் தெளிந்து நிலம் வேகமாகக் குளிர்கிறது. தரையை ஒட்டிய காற்று கனத்துக் கீழே தங்க, அதன் மேல் சற்று வெதுவெதுப்பான காற்று மூடி போல உட்கார்ந்துகொள்கிறது. மதியத்தில் ஆயிரம் மீட்டர் உயரத்துக்குப் பரவ இடமிருந்த புகைக்கு, விடியற்காலையில் ஓரிரு நூறு மீட்டர்கூடச் சில நாள் கிடைப்பதில்லை. அந்த நேரத்தில் பால் வண்டி, ஸ்கூல் வேன், ஆபீஸ் பஸ் எல்லாம் ஓடத் தொடங்குகின்றன. காவலாளிகள் குளிருக்குச் சருகைக் கொளுத்துகிறார்கள். எல்லாம் அந்த மூடிக்குள்ளேதான். ஒன்பது, பத்து மணிக்கு வெயில் ஏறியதும் மூடி உடைகிறது.

இந்த இடத்தில் ஒரு நம்பிக்கையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். "மார்கழி விடியற்காலையில் ஓசோன் இறங்கி வருகிறது, அதைச் சுவாசித்தால் உடம்புக்கு நல்லது" என்று வருடா வருடம் வாட்ஸ்அப்பில் வரும். பெரியவர்கள் குழந்தைகளை எழுப்பி மொட்டை மாடிக்குக் கூட்டிப்போவார்கள். இரண்டு பக்கமும் தப்பு. தரைமட்ட ஓசோன் உருவாக வெயில் வேண்டும். வாகனப் புகையில் உள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும் பெட்ரோல், பெயின்ட் போன்றவற்றின் ஆவிகளும் சூரிய ஒளியில் வினைபுரிந்துதான் அது பிறக்கிறது. அதனால் பிற்பகலில்தான் உச்சம், விடியற்காலையில் நாளிலேயே குறைவு. அப்புறம், ஓசோன் இருபது முப்பது கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும்போது நமக்குக் கவசம். மூக்கருகே இருந்தால் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும் வாயு, அதிலும் வீசிங் இருப்பவர்களுக்கு நேர் எதிரி. மார்கழியில் கோலமும் பஜனையும் இருக்கட்டும், வீசிங் பையனை ஐந்து மணிக்கு வெளியே நிறுத்தாதீர்கள்.

போகி இதன் உச்சம். மார்கழியின் கடைசி நாள், ஜனவரி 13 அல்லது 14. எரிப்பது பழைய பாய், துணி என்ற காலம் போய் டயரும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது ஒரு பக்கம். அதைவிட முக்கியமாக நான் நினைப்பது நேரம். அதிகாலை நான்கிலிருந்து ஆறு மணி வரை, அதாவது மூடி மிகத் தாழ்வாக இருக்கும் நேரமாகப் பார்த்து ஊரே கொளுத்துகிறது. பனிமூட்டமும் இருந்தால் ஈரத் துளிகள் புகைத் துகள்களைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு எதிரில் வருபவர் முகம் தெரியாத அளவுக்குப் போய்விடும். 2018 போகி காலையில் சென்னைக்கு வர வேண்டிய விமானங்கள் பல வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன.

இதில் நீங்கள் செல்போனில் பார்க்கப்போகும் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். இந்தியக் காற்றுத் தரக் குறியீட்டில் 50 வரை நன்று, 100 வரை திருப்தி, 200 வரை மிதம், அதற்கு மேல் மோசம். பி.எம். 2.5 என்கிற நுண்துகள் ஒரு கனமீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் இருந்தால் நம் குறியீட்டில் 100. அதே அளவுக்கு அமெரிக்கக் குறியீடு 150-ஐத் தாண்டும். ஒரு செயலி 100 என்றும் இன்னொன்று 150 என்றும் காட்டினால் இரண்டில் ஒன்று பொய் சொல்கிறது என்று நினைக்க வேண்டாம், அளவுகோல் வேறு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன 24 மணி நேர வரம்பு 15 மைக்ரோகிராம்தான். நம் கணக்கில் 30 மைக்ரோகிராம் வரை "நன்று". ஆகவே பச்சை நிறம் காட்டினாலும் உலக அளவுகோலில் அது இரட்டிப்பாக இருக்கலாம். வீசிங் உள்ள குழந்தைக்கு நான் எண்ணின் பெயரைப் பார்க்க மாட்டேன், மைக்ரோகிராமைப் பார்ப்பேன்.

இன்னொரு சூட்சுமம்: துகள்களுக்கு இந்தியக் குறியீடு 24 மணி நேரச் சராசரியில் கணக்கிடப்படுகிறது. காலை ஆறு மணிக்கு வெளியே புகை கண்ணை எரிக்கும்போதும், நேற்று மதியத்துச் சுத்தமான காற்றும் சேர்ந்து சராசரி "மிதம்" என்று காட்டலாம். மணிவாரி அளவையும் பாருங்கள். சென்னையில் ஆலந்தூர், வேளச்சேரி, மணலி, கொடுங்கையூர், ராயபுரம், அரும்பாக்கம், பெருங்குடி ஆகிய இடங்களில் தொடர் கண்காணிப்பு நிலையங்கள் உள்ளன. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சமீர் செயலியில் நிலையம் நிலையமாகப் பார்க்கலாம். "சென்னை" என்று ஒற்றை எண் போடும் செய்தியை விட்டுவிடுங்கள், மணலிக்கும் வேளச்சேரிக்கும் சேர்த்து ஒரு சராசரி உங்கள் பையனுக்கு எதையும் சொல்லாது.

நாற்றத்தை வைத்தும் முடிவு செய்யாதீர்கள். கூவம் பக்கம் வரும் அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. குறியீட்டில் கணக்கிடப்படும் எட்டு மாசுகளில் அது கிடையவே கிடையாது. அது வெள்ளிப் பாத்திரத்தைக் கறுக்க வைக்கும், ஏசி காயிலை அரிக்கும், வீட்டில் குடியிருப்பது சங்கடம். எண் மட்டும் நன்றாக இருக்கும். மறுபக்கம், நுண்துகளுக்கு வாசனை கிடையாது.

இப்போது உங்கள் மூன்று இடங்கள்.

பெரம்பூரின் பிரச்சினை திசை. மணலியும் கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்கும் அதற்கு வடக்கிலும் வடகிழக்கிலும் இருக்கின்றன. வாடை அடிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரை பெரம்பூர் இரண்டுக்கும் காற்றுப் போகும் வழியில் நிற்கிறது. அதாவது மூடி தாழும் காலமும் காற்று அந்தப் பக்கத்திலிருந்து வரும் காலமும் ஒன்றாக வந்து சேர்கின்றன. கடற்கரையில் உள்ள உயரமான புகைபோக்கிகளிலும் ஒரு விசித்திரம் உண்டு. கடலிலிருந்து வரும் குளிர்ந்த காற்று அடுக்கு அசைவின்றி இருப்பதால் புகை அதற்குள் கலையாமல் உயரத்திலேயே சில கிலோமீட்டர் மிதந்து வரும். சூடான நிலத்தின் மேல் காற்று கொதிக்கும் இடத்துக்கு வந்ததும் மொத்தமாகத் தரைக்கு இறங்கும். அதனால் புகைபோக்கிக்குக் கீழே இருப்பவரைவிடச் சற்றுத் தள்ளி இருப்பவருக்குச் சில நேரம் அதிகம் கிடைக்கும். வடசென்னையில் வீடு எடுப்பவர்கள் "ஆலை தூரத்தில்தானே இருக்கிறது" என்று ஏமாறுவது இப்படித்தான். பெரம்பூர் வசதியான, ரயில் பக்கத்தில் உள்ள, வாடகை நியாயமான இடம். வீசிங் இல்லாவிட்டால் நானே சொல்லியிருப்பேன்.

வேளச்சேரியில் கடல் காற்று அண்ணா நகரைவிட முன்னதாக வரும், கடல் ஐந்து கிலோமீட்டர்தான். அதன் தென்கிழக்கில் பெருங்குடிக் கிடங்கு. 2022 ஏப்ரல் கடைசியில் அங்கே தீப்பிடித்துப் பல நாள் புகைந்தபோது சுற்றுவட்டாரம் முழுக்கத் தவித்தது. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலை அதன் பின் வேகமாக நடந்ததால் நிலைமை முன்பைவிடப் பரவாயில்லை. வேளச்சேரியில் என் கவலை காற்று அல்ல, தண்ணீர். ஒரு காலத்து ஏரி, சதுப்பு ஓரம். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நீர் சூழ்ந்த பகுதி. தண்ணீர் வடிந்த பிறகு சுவரில் ஈரம் மாதக்கணக்கில் நிற்கும், பூஞ்சை பிடிக்கும். வெளியே குறியீடு 40 என்று பச்சையாக இருக்கிற நவம்பரில், வீட்டுக்குள் பீரோவின் பின்பக்கம் கறுத்த பூஞ்சைதான் குழந்தையை இரவில் எழுப்பும். வேளச்சேரி என்றால் தரைத்தளம் வேண்டவே வேண்டாம். பெயின்ட் புதிதாக அடித்திருந்தால் இன்னும் சந்தேகப்படுங்கள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் சுவரைத் தட்டிப் பாருங்கள், உப்புப் பூத்து உதிர்கிறதா என்று. தெருவில் பழைய குடித்தனக்காரரிடம் 2015-ல் தண்ணீர் எவ்வளவு உயரம் வந்தது என்று கேளுங்கள், கையால் காட்டிவிடுவார்.

அண்ணா நகர் கடலிலிருந்து சுமார் எட்டு கிலோமீட்டர் உள்ளே. கடல் காற்று தாமதமாக, கொஞ்சம் களைத்துத்தான் வரும். பதிலுக்கு, அகலமான தெருக்களும் மரங்களும் இருக்கின்றன. தப்பு செய்ய வாய்ப்புள்ள இடம் மெயின் ரோடு. கோயம்பேடு போகும் பெரிய சாலைகளை ஒட்டிய பிளாட்டுக்கும் இருநூறு மீட்டர் உள்ளே உள்ள குறுக்குத் தெருவுக்கும் உள்ள வித்தியாசம், அண்ணா நகருக்கும் இன்னொரு பேட்டைக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரியது. வாகனப் புகை ரோட்டை விட்டு நூறு, இருநூறு மீட்டர் தள்ளினாலே வேகமாகக் குறையும்.

என்னைக் கேட்டால் அண்ணா நகர் உள்தெரு, முதல் மாடி அல்லது இரண்டாம் மாடி. அது பட்ஜெட்டுக்கு எட்டாவிட்டால் வேளச்சேரியில் மேட்டுப்பகுதி, மேல் மாடி. பெரம்பூர் மூன்றாவது.

வீட்டுக்கு வந்தபின் ஒரு பழக்கத்தை மட்டும் மாற்றுங்கள். நம்மவர்கள் எழுந்ததும் ஜன்னலைத் திறந்து, மதியம் வெயிலுக்கு மூடுவார்கள். டிசம்பர், ஜனவரியில் அதைத் தலைகீழாக்குங்கள்: விடியற்காலை முதல் ஒன்பது மணி வரை மூடி, பதினொரு மணிக்குப் பிறகு திறந்து வையுங்கள். கிழக்கு ஜன்னல் உள்ள வீடாக இருந்தால் மாலை வரை கடல் காற்று வீட்டைத் தானே கழுவிவிடும். பையனின் விளையாட்டு நேரம் குளிர்மாதங்களில் சாயங்காலம் நான்கு மணி, கோடையில் வெயில் தாழ்ந்த பிறகு. கொசுவர்த்திச் சுருளை வீட்டிலிருந்து எடுத்துவிடுங்கள், மூடிய அறையில் அது வெளியே உள்ள எந்த லாரிக்கும் இளைத்ததல்ல. இன்ஹேலர் அளவையும் குளிர்மாதங்களுக்கான தடுப்பு மருந்தையும் இங்கே வந்ததும் ஒரு குழந்தை நல மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள், டிசம்பர் வரை காத்திருக்காமல்.

பொங்கலுக்கு எப்படியும் கோவைக்குப் போவீர்கள்தானே? டிக்கெட் போடும்போது போகிக்கு முந்தைய நாள் மதிய ரயிலாகப் பார்த்துப் போடுங்கள்.